பிளாட்டினத்துக்குப் பதில் இரும்பு: மகள் கேட்கும் படிப்பு சோறு போடுமா?

வணக்கம்மா. மகள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்து எரிபொருள் கலத்துக்கு விலை மலிவான வினையூக்கி செய்யப் போகிறேன் என்கிறாள். "பி.எட். போட்டால் வேலையாவது உறுதி" என்பது உங்கள் கவலை. (பி.எட். அவ்வளவு உறுதியா என்பதை இன்னொரு நாள் பேசுவோம்.)

அவள் சொல்வது வெறும் ஆசையில்லை. எரிபொருள் கலத்தில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும், மின்சாரம் கிடைக்கும். ஹைட்ரஜன் பக்கம் வினை சட்டென்று நடந்துவிடும், ஆக்சிஜன் பக்கம் படு மந்தம். அதனால் வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாகப் போடுகிற பிளாட்டினத்தில் பெரும்பங்கை அந்தப் பக்கமே விழுங்குகிறது. அதற்குப் பதில் இரும்பு உப்பையும் நைட்ரஜன் உள்ள ஒரு பொருளையும் கார்பனோடு கலந்து, 900 டிகிரி வாக்கில் காற்றுப் புகாத உலையில் வாட்டி எடுத்த கறுப்புப் பொடியைப் போடலாமா? இதுதான் கேள்வி. பழைய கேள்விதான். 1964-இலேயே கோபால்ட் தாலோசயனின் என்ற சேர்மத்தை வைத்து ஜாசின்ஸ்கி என்ற ஆய்வாளர் இதற்கு வழி காட்டிவிட்டார். இன்றைக்கும் உதைப்பது ஆயுள். கொஞ்சம் ஆக்சிஜன் தண்ணீராகாமல் ஹைட்ரஜன் பெராக்சைடாக நின்றுவிடும். பொடியிலிருந்து கரைந்து வரும் இரும்பு அதோடு சேர்ந்தால் கலத்தின் இரு பக்கத்துக்கும் நடுவிலுள்ள சவ்வையே அரிக்கும்.

இனி அன்றாடம் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். பொடியைச் சோதிக்க, முதலில் 5 மில்லிமீட்டர் அகல கார்பன் வட்டை அலுமினாப் பொடி போட்டுத் துணியில் எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். பிறகு வினையூக்கிப் பொடியை ஆல்கஹாலில் கலக்கி, அந்த வட்டில் சில மைக்ரோலிட்டர் சொட்டு விட்டு உலர்த்த வேண்டும். காபிக் கறை மாதிரி பொடி விளிம்பில் போய் ஒதுங்கினால் அளவீடு தப்பு. துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பம். எம்.எஸ்சி. புராஜெக்டில் நான் இதில் ஒரு வாரம் சளைத்துப் போனேன். அவளுக்கு இது எரிச்சலா, சவாலா? மதிப்பெண்ணை விட இதைத்தான் பார்ப்பேன்.

பணம்: சிஎஸ்ஐஆர்-நெட் தேசியத் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி. எப்படியும் ஐந்து வருஷம் இழுக்கும். எரிபொருள் கல வினையூக்கிக்கென்றே ஆள் எடுக்கும் கம்பெனிகள் நம் நாட்டில் குறைவு, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கையில் வருவது மின்வேதியியல், அதாவது மின்சாரமும் வேதிவினையும் சேரும் துறை. பேட்டரி, துருத் தடுப்பு, மின்முலாம், சென்சார் என்று எல்லாவற்றுக்கும் அதே கருவி, அதே வரைபடம். ஹைட்ரஜன் காலை வாரினாலும் படிப்பு வாராது.

இடத்துக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. 1948-இல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் எழுந்த மின்வேதியியல் ஆய்வகம். சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான ஏஆர்சிஐயின் எரிபொருள் கல மையம் இருக்கிறது.

இப்போதைக்கு இரண்டு வேலை. அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிட்டால் பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் போடட்டும். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில், ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு வரும், அதற்கு இயற்பியல் வேதியியலை இப்போதே தொடங்க வேண்டும். பி.எட். பேச்சை அவள் ஒரு கோடை லேபில் இருந்துவிட்டு வந்தபிறகு எடுங்கள்.