நாயகிக்கு வயது 17, நாவலுக்கு?

கேள்வி: ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். நாயகிக்கு 17 வயது. இறந்தவர்கள் கடைசியாகப் பேசிய சொற்கள் அவள் காதில் விழும். அந்த வரத்துக்காகவே அவளை அரண்மனைக்குக் கொண்டுபோகிறார்கள். மொத்தம் 1,40,000 சொற்கள். நடுவில் ஒரு படுகொலை வருகிறது, கொஞ்சம் காதலும் உண்டு. படித்துப் பார்த்த இரண்டு நண்பர்களில் ஒருவர் இது பதின்வயதினருக்கானது என்கிறார். இன்னொருவர் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது என்கிறார். பதிப்பகத்துக்கு எழுதும் கடிதத்தில் எந்தப் பிரிவைக் குறிப்பிடுவது? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒரு நண்பர் நாயகியின் வயதைப் பார்க்கிறார், இன்னொருவர் ரத்தத்தைப் பார்க்கிறார். இரண்டும் உடனே கண்ணில் படுபவை, அதனால் எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு விடை அந்த இரண்டிலும் இல்லை.

‘யங் அடல்ட்’ என்று பதிப்புலகம் சொல்லும் இளையோர் நாவல், ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகரை மனத்தில் வைத்து வெளியிடப்படுவது. பிள்ளைகள் தங்களைவிட ஓரிரு வயது மூத்தவர்களின் கதையைப் படிக்க விரும்புவார்கள் என்பதால், நாயகர்களும் பெரும்பாலும் 15-18 வயதில் இருப்பார்கள். 35 வயது நாயகிக்கு அந்தப் பிரிவில் இடம் கிடைப்பது கடினம். அதற்காக, சிறு வயதுப் பாத்திரம் இருந்தாலே இளையோர் நூல் ஆகிவிடாது. 1996இல் வந்த ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலின் தொடக்கத்தில் ப்ரானுக்கு 7 வயது, ஆர்யாவுக்கு 9. பல அத்தியாயங்கள் அந்தக் குழந்தைகளின் பார்வையில்தான் நகர்கின்றன. யாரும் அதைப் பிள்ளைகளுக்கான அடுக்கில் வைப்பதில்லை.

ரத்தமும் அப்படித்தான். 2008இல் வந்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் 12 முதல் 18 வயதுக்குள் 24 பேரைக் களத்தில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை சாக விடுகிறார்கள். அது இளையோர் நூலாகவே வெளியானது. கொலை இருக்கிறதா என்று பதிப்பாசிரியர்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கொலையின் பக்கத்தில் கதை எவ்வளவு நேரம் நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். உடலுறவுக் காட்சிகளில் மட்டும் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். உங்கள் காதல் கொஞ்சம்தான் என்கிறீர்கள், ஆகவே அதை விட்டுவிடலாம்.

கதை சொல்பவர் அந்த வயதுக்கு உள்ளே நிற்கிறாரா, வெளியே வந்து திரும்பிப் பார்க்கிறாரா? நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். இளையோர் நாவலில் எல்லாமே முதல் முறையாக நடக்கிறது. முதல் துரோகம் வரும்போது அதை அளந்து பார்க்க அந்தப் பெண்ணிடம் பழைய துரோகம் எதுவும் இருக்காது. கதைக்கும் அந்த அளவுகோல் இருக்கக் கூடாது. உங்கள் முதல் மூன்று அத்தியாயங்களில் “அப்போது எனக்கு அது புரியவில்லை” என்ற பொருளில் ஒன்பது இடங்களில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். பேசுவது 17 வயதுப் பெண் அல்ல, நாற்பதைத் தாண்டிய ஒருத்தி. தன் இளமையின் மேல் அவளுக்கு இரக்கம் இருக்கிறது, லேசான கேலியும் இருக்கிறது. எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடித்தது. ஆனால் பதினைந்து வயது வாசகிக்கு, தன் தலைக்கு மேலே யாரோ இன்னொரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

ஒரே உலகத்தை வைத்து இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின்னின் எர்த்ஸீ என்ற ஃபேண்டஸி வரிசை நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் வந்த முதல் நூல் இளம் வாசகர்களுக்கென்று எழுதப்பட்டது. தன் செருக்கால் ஒரு நிழலை அவிழ்த்துவிட்ட பையன், அந்த நிழல் யார் என்று கண்டுபிடிக்கும் கதை. 1990இல் வந்த நான்காவது நூலான ‘டெஹானு’வில் அதே தீவுகள், அதே டிராகன்கள். ஆனால் மையத்தில் இருப்பவள் நடுவயது விதவை. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், தீக்காயத்தோடு கிடைத்த ஒரு குழந்தையைப் பேணுகிறாள். முதல் நூலின் அந்தப் பையன் வளர்ந்து, ஆற்றலெல்லாம் இழந்து அவளிடம் வந்து சேர்கிறான். முதல் நூல் ‘நான் யார்’ என்று கேட்கிறது. நான்காவது நூல், ஆனதெல்லாம் ஆகி முடிந்த பிறகு மிச்சத்தோடு எப்படி வாழ்வது என்று கேட்கிறது.

உங்கள் கையெழுத்துப்படியில் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாயகியின் வயதை 17லிருந்து 35 ஆக்குங்கள், மனத்துக்குள் செய்தால் போதும். கதை இடிந்து விழுந்தால், அந்த வயதுதான் அதன் தூண். இளையோர் நூலாக வாய்ப்பு அதிகம். ஓரிரு வசனங்களை மாற்றினாலே போதும் என்றால் வயது வெறும் அலங்காரம். இன்னொன்றையும் பாருங்கள். முடிவைத் தீர்மானிக்கும் கடைசிச் செயலைச் செய்வது யார்? இளையோர் நாவலில் பெரியவர்கள் உதவலாம், தடுக்கலாம், செத்தும் போகலாம், ஆனால் அந்த முடிவை நாயகியின் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. உங்கள் மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஐம்பது வயது அமைச்சரின் பார்வையில் இருக்கிறது. வரிக்கணக்கு, மகனோடு பகை, மூட்டுவலி. இந்தக் கதையை நகர்த்தப்போவது அவர்தானோ என்று சந்தேகப்படுகிறேன்.

ஆகவே என் பதில்: பெரியவர்களுக்கான ஃபேண்டஸி.

நீளமும் அந்தப் பக்கமே சாய்கிறது. இளையோர் ஃபேண்டஸி பொதுவாக 70,000 முதல் 1,00,000 சொற்களுக்குள் நிற்கும். பெரியவர்களுக்கான முதல் நாவலுக்கு 1,20,000 வரை பொறுத்துக்கொள்வார்கள். 1,40,000 அங்கேயும் கொஞ்சம் கனம்தான். 20,000 சொற்களை வெட்டப் பாருங்கள், படுகொலையைத் தொடாமல்.

இளையோர் பிரிவில் வாசகர் அதிகம் என்ற ஆசையில் மட்டும் அங்கே போகாதீர்கள். பிரிவு என்பது நூல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதற்கான அடையாளம், யார் படிக்கலாம் என்ற தடை அல்ல. 2012இல் நூல் விற்பனைத் தகவல்களைத் திரட்டும் பௌக்கர் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், இளையோர் நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ உள்ளவர்கள். எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. துணிச்சலான பதினாறு வயதுக்காரி உங்கள் நாவலைத் தானே தேடி எடுத்துக்கொள்வாள்.

கடிதத்தில் “எல்லா வயதினருக்கும்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதியவருக்கே தெரியவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். “1,20,000 சொற்களில் பெரியவர்களுக்கான ஃபேண்டஸி நாவல். ஒரு நடுவயதுப் பெண், தான் 17 வயதில் அரண்மனையில் கேட்ட குரல்களைத் திரும்ப நினைக்கிறாள்” என்று தொடங்குங்கள். அந்த நடுவயதுப் பெண்ணை முதல் பக்கத்திலேயே வெளிப்படையாக உட்கார வைத்துவிட்டால், “அப்போது எனக்குப் புரியவில்லை” என்ற ஒன்பது இடங்களில் ஏழு இடங்களையாவது அடித்துவிடலாம்.