கதைக்கரு அருமையாக இருந்தும் பல அனிமே தொடர்கள் கதை சொல்வதில் ஏன் சறுக்குகின்றன?

பணம் போதவில்லை, நேரம் போதவில்லை, எபிசோடுகள் போதவில்லை என்பவைதாம் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அவை மட்டுமே காரணம் என்றால், பன்னிரண்டே எபிசோடுகளில் நிறைவாக முடிந்த தொடர் ஒன்றுகூட இருந்திருக்க முடியாது. அனிமேயில், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில், நம்மை முதல் பார்வையிலேயே இழுக்கும் கதைக்கருக்களில் பல, ஒரு விதியாகவே நம் முன் வைக்கப்படுகின்றன: இந்த நோட்டில் யார் பெயரை எழுதினாலும் அவர் இறப்பார்; இந்த விளையாட்டில் செத்தால் நிஜத்திலும் சாவு. அந்த விதி மனிதர்களை எந்தெந்த மூலைக்குத் தள்ளும், அங்கிருந்து அவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று கடைசிவரை யோசிப்பதுதான் கதை எழுதும் வேலை. சறுக்கும் தொடர்கள் விதியைப் பிரமாதமாக அறிவித்துவிட்டு, அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிடுகின்றன என்பது என் கருத்து. (கீழே சில தொடர்களின் முடிவுகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது; பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

2012இல் வெளிவந்த 'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்' தொடரின் முதல் எபிசோடைப் போல ஆவலைக் கிளப்பிய தொடக்கங்கள் குறைவு. பத்தாயிரம் பேர் ஒரு மெய்நிகர் விளையாட்டுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். நூறு தளங்களையும் வென்றால்தான் விடுதலை. உள்ளே உயிர் போனால் தலையில் மாட்டியிருக்கும் கருவி வெளியே மூளையைப் பொசுக்கிவிடும். முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 2,000 பேர் மாண்டுபோக, முதல் தளத்தைக்கூட யாரும் கடக்கவில்லை என்ற செய்தியோடு இரண்டாம் எபிசோடு தொடங்குகிறது. மூன்றாம் எபிசோடில், நாயகன் கிரிட்டோ தன் உண்மையான ஆட்ட நிலையை மறைத்து ஒரு சிறு குழுவில் சேர்ந்துகொள்ள, அந்தப் பொய்யும் சேர்ந்து அக்குழுவைப் பலிவாங்குகிறது. சாவுக்கு அஞ்சி நடுங்கும் சாச்சி என்ற பெண்ணின் வழியாக அந்த விதியின் முழுக் கனத்தையும் நாம் உணர்வது அங்கேதான். தொடர் முழுவதும் இப்படியே போயிருந்தால் நான் இந்தப் பதிலில் அதை உதாரணமாக எடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு கதை தளம் தளமாக ஏறுவதில்லை, தாவுகிறது. தொடக்க நகரத்தை விட்டு வெளியே வரத் துணியாத ஆயிரக்கணக்கானோர் இரண்டு ஆண்டுகளாக எதை நம்பி வாழ்கிறார்கள், அவர்களை யார் ஆள்கிறார்கள் என்பது அந்தக் கதைக்கருவிலேயே பொதிந்திருக்கும் கேள்வி. அவர்களிடம் வரி என்ற பெயரில் பணம் பறிக்கும் ஒரு படை 11, 12ஆம் எபிசோடுகளில் தலைகாட்டவும் செய்கிறது. ஆனால் நாயகனும் நாயகியும் வந்து தட்டிக்கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. 14ஆம் எபிசோடில் 75ஆம் தளத்திலேயே விளையாட்டும் முடிந்துபோகிறது. அதைவிடப் பெரிய குறை அந்த உச்சகட்டத்தில் இருக்கிறது. கிரிட்டோவின் உயிர்க்கோடு பூஜ்யத்தைத் தொட்டு அவன் உடல் சிதறிய பின்னும், மன உறுதி ஒன்றையே துணையாகக் கொண்டு எழுந்து எதிரியைக் குத்துகிறான். சற்று முன் இறந்த நாயகி அசுனாவும் பிறகு உயிரோடு இருக்கிறாள். செத்தால் சாவுதான் என்ற ஒற்றை விதியின் மேல் கட்டப்பட்ட கதை, அந்த விதி மிக அவசியப்படும் கணத்தில் அதைத் தானே மீறுகிறது.

இதற்கு ஸ்டூடியோவை மட்டும் குறை சொல்ல முடியாது. மூல நாவலாசிரியர் ரெக்கி கவஹாரா இந்தக் கதையை 2002இல் ஒரு நாவல் போட்டிக்காக எழுதினார். பக்க வரம்பைத் தாண்டிவிட்டதால் போட்டிக்கு அனுப்பாமல் இணையத்தில் வெளியிட்டார். 2009இல்தான் அது நூலானது. முதல் நாளைச் சொல்லிவிட்டு நேராக 74ஆம் தளத்துக்குப் போய்விடும் ஒற்றைப் புத்தகக் கதை அது. இடைவெளியை நிரப்பப் பின்னர் எழுதிய கிளைக்கதைகளை அனிமே கால வரிசையில் அடுக்கியபோது, எபிசோடுகள் நிறைந்தனவே தவிரப் பயணம் உருவாகவில்லை.

'தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்' சறுக்கிய விதம் வேறு. 2019இல் வந்த முதல் சீசன், மூலமான மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதையின்) முதல் 37 அத்தியாயங்களைப் பன்னிரண்டு எபிசோடுகளில் நிதானமாகச் சொன்னது. தாங்கள் வளர்வது அரக்கர்களின் உணவுக்காக என்பதை அறிந்த அநாதை இல்லக் குழந்தைகளுக்கும், அவர்கள் 'மம்மா' என்று அழைக்கும் இசபெல்லாவுக்கும் இடையிலான அந்த மோதல் ஒரு சதுரங்க ஆட்டம் போல நகரும். மதில், காதுக்குள் பதித்த கருவி, குழந்தைகளில் ஒருவனான நார்மனை அரக்கர்களிடம் அனுப்பக் குறித்த நாள் என்று எல்லைகள் அனைத்தும் நமக்கும் தெரிந்திருப்பதால், ஒவ்வொரு அடியின் விலையும் நமக்குப் புரிகிறது. 2021இன் இரண்டாம் சீசனோ, மீதமிருந்த 144 அத்தியாயங்களின் கதையைப் பதினொரே எபிசோடுகளில் முடித்தது. மாங்காவின் 'கோல்டி பாண்ட்' என்ற கதைப்பகுதியை முழுவதும் கைவிட்டது. அரக்கர் இனத்தையே அழிக்கத் துணிந்த நார்மன் மனம் மாறுவதற்கு உரிய நேரத்தைக் கொடுக்கவில்லை. மனிதரை உண்ணாவிட்டால் அரக்கர்கள் அறிவிழந்த மிருகங்களாகிவிடுவார்கள் என்றால், குழந்தைகளைக் காப்பது என்பது இன்னோர் இனத்தைக் கொல்வதாகிவிடாதா என்ற மிகக் கனமான கேள்வியைக் கதை எழுப்பியிருந்தது. அதற்கு விடை தரும் புதிய ஒப்பந்தமோ, இறுதி எபிசோடில் வசனமே இல்லாத நிலைப்படங்களாக ஓடி மறைகிறது. மாங்காவைப் படித்தவர்களுக்குக் கோபம் வந்தது. படிக்காதவர்களுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை.

இப்படி நடப்பதற்கு வணிக அமைப்பும் துணைபோகிறது. பெரும்பாலான தொடர்களுக்குப் பதிப்பகம், இசை நிறுவனம், தொலைக்காட்சி நிலையம் முதலியவை சேர்ந்த ஒரு தயாரிப்புக் குழு பணம் போடுகிறது. மூல நூலின் விற்பனையைத் தூண்டுவதே பதிப்பகத்தின் முதல் எதிர்பார்ப்பு. அதற்குத் தொடக்கம் போதும், முடிவு தேவையில்லை. மூன்று மாத ஒளிபரப்புக்குள் ஏறத்தாழ 12 எபிசோடுகள் அடங்க வேண்டும். பார்வையாளர்களும் மூன்று எபிசோடுகள் பார்த்துவிட்டுத் தொடர்வதா விடுவதா என்று தீர்மானிக்கிறார்கள். ஆகவே திறமையும் உழைப்பும் முன்பகுதியில் குவிகின்றன. 2021இன் 'வொண்டர் எக் ப்ரையாரிட்டி' மூல நூல் எதுவும் இல்லாத சொந்தக் கதைதான். இருந்தும் தயாரிப்பு நெருக்கடியால் நடுவில் ஒரு முன்கதைச் சுருக்க எபிசோடு, பிறகு முடிவுக்காக ஜூனில் ஒரு சிறப்பு எபிசோடு, அதிலும் பாதி பழைய காட்சிகள் என்று ஆனது. தற்கொலை செய்துகொண்ட சிறுமிகளைப் பற்றி அத்தனை நுட்பமாகத் தொடங்கிய கதை, விடை சொல்லாமலே நின்றுபோனது.

இதே நெருக்கடிக்குள்தான், 2011இல், கென் உரொபுச்சி எழுதிய 'மடோகா மாஜிகா' பன்னிரண்டு எபிசோடுகளில் முடிந்தது. ஒரு வேண்டுதல் நிறைவேறும், அதற்கு விலையாகச் சூனியக்காரிகளோடு போரிடும் மந்திரச் சிறுமியாக வேண்டும் என்ற விதி அதில் ஒவ்வொரு எபிசோடிலும் இன்னும் கொடியதாகத் திறந்துகொண்டே போகிறது. கடைசியில் நாயகி மடோகா அந்த விதியை மீறுவதில்லை. அதுவரை பயன்படுத்தாமல் வைத்திருந்த தன் ஒரே வேண்டுதலைக் கொண்டே அதை வெல்கிறாள். பெயர் எழுதினால் சாவு என்ற அந்த நோட்டின் கதையான 'டெத் நோட்', 25ஆம் எபிசோடில் துப்பறிவாளன் எல் இறந்த பிறகு தளர்ந்துவிடுகிறது என்பார்கள், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அங்கும் நாயகன் லைட் யாகமி வீழ்வது அந்த நோட்டை வைத்துத்தான்.

கவஹாராவே 2012இலிருந்து 'ப்ரோக்ரஸிவ்' என்ற வரிசையில் அதே கதையை முதல் தளத்திலிருந்து தளம் தளமாகத் திரும்ப எழுதத் தொடங்கினார். எங்கே தாவினோம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வரிசையிலிருந்து 2021இலும் 2022இலும் இரண்டு திரைப்படங்கள் வந்தன. முதல் படம் முதல் தளத்தைப் பற்றியது. இரண்டாவது, நேராக ஐந்தாம் தளத்துக்குப் போய்விட்டது.