சோனார் ஃபில்டரும் லைடாரும் – கடிதம்

வணக்கம் ஐயா,

பினாங்கின் பட்டர்வொர்த்தில் பாலிடெக்னிக் படிக்கிறேன். என் ட்ரோனில் உயரம் அளக்க முன்பு மேக்ஸ்பாட்டிக்ஸ் சோனார் (ஒலியால் தூரம் அளக்கும் சென்சார்) இருந்தது. பவர் வயரில் 100 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் ஃபில்டராகப் போட்ட பிறகு ஒழுங்காக அளந்தது. இப்போது லேசர் ஒளியால் அளக்கும் கார்மின் லைடார்-லைட் வி3 வாங்கி அதே ஃபில்டரை மாட்டினேன். உயிரே வரவில்லை. கழற்றிவிட்டால் மேசையில் சரியாக இருக்கிறது. த்ராட்டிலை ஏற்றினால் உயரம் தாறுமாறாகக் குதிக்கிறது. சென்சார் பழுதா?

– பட்டர்வொர்த் வாசகர்

அன்புள்ள தம்பி,

சென்சாரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். முதலில் ஒரு கணக்கு. 5 வோல்ட்டை 100 ஓம் வழியாக அனுப்பினால், மறுமுனையை ஷார்ட் செய்தாலும் 50 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. உங்கள் லைடார் ஓடும்போது கேட்பது சுமார் 135. பிறகு எப்படி உயிர் வரும்?

சோனாரின் கதை வேறு. அது குடிப்பது இரண்டு மூன்று மில்லிஆம்பியர்தான், ரெசிஸ்டரில் இழப்பது 0.3 வோல்ட்டைத் தாண்டாது. அதன் அனலாக் வெளியீடோ சப்ளையைப் பொறுத்தே அமைகிறது: 5 வோல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 9.8 மில்லிவோல்ட். அந்த வெளியீட்டில் 100 மில்லிவோல்ட் மின் இரைச்சல் ஏறினால் பத்து அங்குலம் பொய் சொல்லும். அங்கே அந்த ஃபில்டர் சுமார் 16 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை அடக்கியது. ஃபில்டரை அப்படியே தூக்கி அடுத்த சென்சாருக்கு மாட்டுவது நம் பையன்களிடம் பரவலான பழக்கம். டேட்டாஷீட்டில் மின்னோட்டம் என்ற ஒரு வரியைப் பார்த்தால் போதும்.

லைடாருக்கு ரெசிஸ்டர் வேண்டாம், கெபாசிட்டர் வேண்டும். கார்மின் சொல்வது 680 மைக்ரோஃபாரட், சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே. சென்சார் மின்னோட்டத்தைத் திடீர் திடீரென்று இழுக்கும். நீளமான மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் அந்தக் கணத்தில் சரியும். பக்கத்திலேயே கெபாசிட்டர் இருந்தால் அது ஈடுகட்டும். அதனால் சென்சாருக்கு ஒட்டியே வையுங்கள், ஃப்ளைட் கன்ட்ரோலர் (ட்ரோனின் பறத்தலை ஆளும் போர்டு) பக்கம் வைத்துப் பயனில்லை. 10 அல்லது 16 வோல்ட் எலக்ட்ரோலிடிக் போதும், கோடு போட்ட கால் கறுப்பு வயருக்கு. கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உடம்பைப் பசையால் ஒட்டிவிடுங்கள், அதிர்வில் கால் முறிந்துவிடும்.

அப்புறம் வயர். ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பேட்டரி வயர்களோடு சென்சார் வயரைக் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். அளவீட்டைக் கொண்டுபோகும் ஐ2சி வயர்கள் (பச்சை, நீலம்) குட்டையாக இருக்கட்டும். பச்சையையும் நீலத்தையும் ஒன்றோடொன்று முறுக்காதீர்கள், ஒன்றின் துடிப்பு மற்றதில் ஏறும். முறுக்குவதென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனி கிரவுண்ட் வயரோடு முறுக்குங்கள்.

இதற்குப் பிறகும் குதித்தால், நான்கு ரீசார்ஜ் ஏஏ செல்களிலிருந்து சென்சாருக்கு மட்டும் தனி மின்சாரம் கொடுங்கள், மின் வயர்களில் கிரவுண்டை மட்டும் ஃப்ளைட் கன்ட்ரோலரோடு சேருங்கள், சிக்னல் வயர்கள் அப்படியே இருக்கட்டும். குதிப்பு நின்றால் குற்றவாளி சப்ளைதான்: சென்சாருக்குத் தனி 5 வோல்ட் பெக் (பேட்டரி வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்கிட்) போடுங்கள், அல்லது மின்தடை குறைந்த சிறு இண்டக்டரைத் தொடராகச் சேருங்கள். (பழைய சோனாரை இப்படிச் சோதிக்க பவர் பேங்க் உதவாது. இரண்டு மூன்று மில்லிஆம்பியரைப் பார்த்து ஒன்றும் மாட்டவில்லையென்று நினைத்துப் பெரும்பாலானவை அணைந்துவிடும்.) நிற்கவில்லையென்றால் சிக்னல் வயரையும் சென்சார் மாட்டிய இடத்தின் அதிர்வையும் பாருங்கள்.

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் சோதித்து ஏமாறாதீர்கள். சுமை இல்லாத மோட்டார் குறைவாகவே இழுக்கும், இரைச்சலும் குறைவாகவே தெரியும். ட்ரோனைக் கனமான பலகையில் இறுகக் கட்டி, ஆளில்லாத இடத்தில் ப்ரொப்பெல்லரோடு த்ராட்டிலை ஏற்றி, ட்ரோன் பதிவுசெய்த லாக்கில் உயரத்தைப் பாருங்கள். பறக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில் விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது. காம் (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் ஏற்றவே ஏற்றாதீர்கள்.