வேனுக்கும் ஒரு வாசல் வேண்டும்

கேள்வி: நான், கணவர், 9 வயது மகள், 5 வயது மகன், முட்டி வலியுள்ள மாமியார் என ஐந்து பேர். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு மேடை, சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக மாற்றியிருக்கிறோம். பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் அதிலேயே தங்கி ஊர் சுற்ற ஆசை. முதலில் கொல்லிமலை போனோம். இரண்டாம் நாளே எல்லோருக்கும் மூச்சு முட்டிவிட்டது. ஒருவர் எழுந்தால் மற்ற நால்வரும் காலை மடக்க வேண்டும். இன்னும் நாலு அலமாரி அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: அலமாரி வேண்டாம் அம்மிணி. அதை முதலில் நிறுத்துங்கள். அலமாரி அடித்தால் நடக்கிற இடம் இன்னும் குறையும், அப்புறம் அதை நிரப்ப நாமே சாமான் தேடுவோம். உங்கள் வண்டியில் பற்றாமல் இருப்பது சாமான் வைக்கிற இடம் இல்லை, ஆள் புழங்குகிற இடம்.

நம் பக்கத்துப் பழைய தோட்டத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். உள்ளறை சின்னதாக, இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் ஆசாரம் என்கிற முன்கூடமும் வாசலும் விசாலம். கடலைக்காய் காய்வது, பிள்ளைகள் விளையாடுவது, கோடையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பது எல்லாம் வாசலில்தான். அதனால் அந்த வீட்டில் யாருக்கும் இடம் போதவில்லை என்று தோன்றியதே இல்லை. உங்கள் வேன் அந்த உள்ளறை. அதற்கு ஒரு வாசல் போட்டுக் கொடுங்கள்.

ஏறி இறங்கும் கதவுப் பக்கம், கூரை ஓரமாக ஒரு அலுமினியச் சட்டம் அடித்து, 10 அடிக்கு 8 அடி தார்ப்பாயை அதில் மாட்டச் சொல்லுங்கள். வெளிமுனைக்கு இரண்டு மடக்குக் கம்பு, கயிறு, முளை போதும். ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினால் மழைநீர் நடுவில் தொப்பை போடாமல் அந்தப் பக்கமாக வழிந்துவிடும். மூன்று பக்கமும் தொங்கவிடக் கரூரில் கொசுவலைத் துணி மீட்டர் கணக்கில் வாங்குங்கள். தரையில் ஒரு பழைய படுதா, அதன்மேல் பவானி ஜமக்காளம். பலத்த காற்று கிளம்பினால் மட்டும் பந்தலை உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

அடுத்து அடுப்பு. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களும் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடப்பவர்கள். அவர்கள் சமைப்பது வண்டி ஓரத்தில்தான். நீங்களும் மேடையை எடுத்துவிட்டு, பின்கதவைத் திறந்தால் வெளியே இழுபடுகிற மாதிரி ஒரு பலகையில் அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ சிலிண்டர் போதும். அதற்குத் தனிப் பெட்டி, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அதனால் பெட்டியின் அடியில் காற்றுத்துளை கட்டாயம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஊட்டிக் குளிருக்கு வண்டிக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

கட்டில் பகலிலும் கட்டிலாகவே கிடப்பதுதான் உள்ளே பெரிய தொந்தரவு. அதைப் பிரித்து எதிரெதிராக இரண்டு பெஞ்சு போடுங்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே துணிமணி. நடுவில் உள்ள மேசைப் பலகையை இரவில் பெஞ்சு மட்டத்துக்கு இறக்கினால் படுக்கை, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆகும். மாமியாருக்கு மட்டும் மடக்குவது, தூக்குவது எதுவும் வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் 2 அடி அகலத்தில் அவருக்கென்றே ஒரு நிரந்தர இருக்கை, இரவில் அதுவே படுக்கை. பிடித்து எழ ஒரு கம்பியும், கையெட்டும் தூரத்தில் ஒரு விளக்கும் வேண்டும். முட்டி வலிக்காரர் ஒவ்வொரு முறை எழும்போதும் நாலு பேரை எழுப்ப வேண்டியிருந்தால், அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அப்படி விட்டுவிடாதீர்கள். கழிப்பறையை எடுத்துவிடலாமா என்ற யோசனை வந்தாலும் அவரை நினைத்து அது இருக்கட்டும். கணவர் மழையில்லாத இரவுகளில் பந்தலில் மடக்குக் கட்டில் போட்டுக்கொள்ளலாம். மழை வந்தால் மகளுக்கு முன் சீட்டுகளுக்கு மேல் இரண்டு குழாய் மாட்டி கான்வாஸ் தொட்டில் கட்டினால் அவருக்கும் உள்ளே இடம் கிடைக்கும். குழாயும் கான்வாஸும் வண்டி நின்றபின்தான் மேலே ஏற வேண்டும். ஓடும்போது ஐந்து பேரும் சீட்டில், பெல்ட் போட்டு.

உள்ளே பழுப்பு மைக்கா ஒட்டியிருந்தால் வெளிர் நிறத்துக்கு மாற்றுங்கள், கண்ணுக்கே இடம் கூடும். இரவில் கூரை மூடியையும் ஒரு தாழ்வான ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் அத்தனை பேர் மூச்சில் மலைக்குளிரில் கண்ணாடியெல்லாம் வேர்த்து, மெத்தை ஈரமாகும்.

இடம் இல்லை என்று கூரைமேல் மூட்டை கட்டாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பார்த்துவிட்டீர்கள், மேல்கனம் வளைவில் வண்டியைச் சாய்க்கும். தண்ணீர்த் தொட்டியும் தரைமட்டத்தில் இருக்கட்டும், 100 லிட்டர் என்றால் 100 கிலோ.

இத்தனை மாற்றமும் செய்யும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியதுதான். ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகாத மாற்றம் இருந்தால் விபத்துக் காப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

பட்டறைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வண்டியை உங்கள் தோட்டத்திலேயே நிறுத்தி இரண்டு ராத்திரி ஐந்து பேரும் படுங்கள். தரையில் சாக்பீஸால் பெஞ்சையும் மேசையையும் வரைந்துகொள்ளுங்கள். மாமியாரை அவர் இடத்தில் உட்கார வைத்து, எழுந்து கதவு வரை போகச் சொல்லிப் பாருங்கள். இடிக்கிற கோட்டை அழித்து வேறு இடத்தில் போடுங்கள். அந்த அளவைத்தான் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டும்.