பத்து நாளில் பூத் வேலையைப் பிரிப்பது எப்படி?

வணக்கம் நண்பரே. பொதுக்கூட்டத்துக்கு நூறு பேர் வருகிறார்கள், வீடு வீடாகப் போகக் கூப்பிட்டால் நாலு பேர்கூட இல்லை, சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் பத்து நாள்தான் என்று கேட்டிருந்தீர்கள்.

பையன்களைக் குறை சொல்லாதீர்கள். "எல்லாரும் வேலைக்கு வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள். வாக்காளர் பட்டியலைப் பிரித்து ஆளுக்கு ஒரு தெருவைப் பெயர் சொல்லிக் கொடுங்கள், அவரவர் குடியிருக்கும் தெருவாகவே. முப்பது வீடு என்றால் இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

பட்டியலில் மூன்று குறி போதும்: நம்ம ஓட்டு, யோசிப்பவர், ஊரில் இல்லாதவர். என்னைக் கேட்டால் இந்த மூன்றாவது ஆட்களிடம்தான் உழைக்க வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் பையனுக்கு அவன் அம்மாவே போன் பண்ணி பஸ் டிக்கெட் எடுக்கச் சொல்லட்டும். நாம் பத்து தடவை சொல்வதைவிட அது பலிக்கும். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கச் சட்டமே இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே கூட்டம், ஊர்வலம் எல்லாம் நின்றுவிடும். வாக்குப்பதிவு நாளில் ஆட்டோ பிடித்து வாக்காளர்களை ஏற்றிவரலாம் என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவில் அது ஊழல் நடவடிக்கை, வெற்றியே ரத்தாகலாம்.

அப்புறம், பூத்தில் நம்ம ஏஜென்டாக உட்காருபவர் 7 மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் 5.30க்கே, இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு அங்கே இருக்க வேண்டும். ஓட்டுப்பதிவு முடிந்ததும், பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தின் நகலை வாங்காமல் கிளம்பக்கூடாது.