கேள்வி பதில்: குஸ்தாவ் மாலர், கோல் பிடித்த கையும் எழுதிய கையும்

கேள்வி: மாலர் வாழ்ந்த காலத்தில் மக்கள் அவரை இசையமைப்பாளராக அறிந்திருந்தார்களா, கோல் பிடித்து இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநராகவா?

பதில்: பெரும்பாலும் நடத்துநராகத்தான். 1860இல் பொஹீமியாவின் (இன்றைய செக் குடியரசின் பகுதி) கலிஷ்ட் என்ற சிற்றூரில் பிறந்து, பதினைந்து வயதில் வியன்னா இசைக்கல்லூரியில் சேர்ந்த அவர், 1880இல் பாட் ஹால் என்னும் ஊரின் சிறிய கோடைக்கால அரங்கில் வேலையைத் தொடங்கினார். லைபாஹ், ஓல்மூட்ஸ், காஸல், பிராக், லைப்ஸிக், புடாபெஸ்ட், ஹாம்பர்க் என்று ஊர் ஊராக உயர்ந்து, 1897இல் வியன்னா அரசவை ஓபராவின் (பாடி நடிக்கும் இசை நாடக அரங்கின்) இயக்குநரானார். இதற்கிடையில் 1889இல் புடாபெஸ்டில் அரங்கேறிய அவருடைய முதல் சிம்பொனியோ (முழு இசைக்குழுவுக்கான நெடிய படைப்பு) கேட்டவர்களைக் குழப்பத்தில்தான் ஆழ்த்தியது.

கேள்வி: வியன்னா பதவிக்காகவே மதம் மாறினாரா?

பதில்: அந்தப் பதவி யூதர் ஒருவருக்குக் கிடைக்கும் நிலை அப்போது இல்லை. 1897 பிப்ரவரியில் அவர் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார். சில மாதங்களில் நியமனம் வந்தது. யூத எதிர்ப்பு ஏடுகள் அதற்குப் பிறகும் அவரை விட்டுவைக்கவில்லை.

கேள்வி: ஓபரா நிர்வாகத்தில் ஆண்டு முழுவதும் மூழ்கியிருந்தவருக்கு எழுத நேரம் ஏது?

பதில்: அரங்கு மூடியிருக்கும் கோடை விடுமுறைதான் அவருக்குக் கிடைத்த நேரம். ஆட்டர்ஸே ஏரிக்கரையில் ஸ்டைன்பாக்கிலும், பிறகு வோர்தர்ஸே ஏரியருகே மையர்நிக்கிலும், கடைசியில் டோப்லாக்கிலும் எழுதுவதற்கென்றே தனிக் குடில்களை அமைத்துக்கொண்டார். கோடையில் வரைவு முடியும். குளிர்காலத்தில், வேலைக்கு நடுவே, எந்த இசையை எந்த வாத்தியம் வாசிப்பது என்ற வாத்தியப் பகிர்வைச் செம்மைப்படுத்துவார். ஐந்தாவது முதல் எட்டாவது வரையான சிம்பொனிகள் மையர்நிக் குடிலில் உருவானவை.

கேள்வி: நான் வயலின் வாசிப்பவள். மாலரின் ஸ்கோரில், அதாவது இசைக்குறிப்பு ஏட்டில், வரிக்கு வரி கட்டளைகள் இருக்கின்றனவே, அவருக்கு வாசிப்பவர்கள் மேல் நம்பிக்கையே இல்லையா?

பதில்: மேசையில் அமர்ந்து கற்பனை செய்தவரின் ஐயமாக அதை நான் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் ஒத்திகை மேடையில் நின்று, எந்த இடத்தில் குழு வேகமெடுக்கும், எங்கே சோம்பும் என்று நேரில் கண்டவரின் முன்னெச்சரிக்கை அது. அதனால்தான் 'விரையாதே' என்றும் 'இழுக்காதே' என்றும் எழுதிவைக்கிறார். இரண்டாவது சிம்பொனியின் முதல் பகுதி முடிந்ததும் குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி வேண்டும் என்ற குறிப்பும் அப்படிப்பட்டதே. இன்றைய நடத்துநர்களில் பலர் அதை முழுமையாகப் பின்பற்றுவதில்லை. ஆறாவது சிம்பொனியின் இறுதிப் பகுதியில் வரும் சம்மட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடி குறுகியதாகவும் வலிமையாகவும், அதே வேளை மங்கிய ஒலியுடையதாகவும் இருக்க வேண்டும், உலோக ஓசை கூடாது, கோடரி வெட்டுப் போல விழ வேண்டும் என்கிறார். இதற்கென வழக்கமான இசைக்கருவி எதுவும் இல்லாததால், பல குழுக்கள் ஒரு மரப்பெட்டியையும் பெரிய மரச் சம்மட்டியையும் தாமே தேடிக்கொள்கின்றன. தாம் நடத்தும்போது கேட்டதை வைத்து அவர் ஸ்கோரைத் திருத்திக்கொண்டே இருந்தார். மூன்று சம்மட்டி அடிகளில் மூன்றாவது நீங்கியதும் அப்படித்தான்.

கேள்வி: வியன்னாவில் அவரை ஏன் கொடுங்கோலர் என்றார்கள்?

பதில்: தாமதமாக வருபவர்களை முன்னிசை முடியும் வரை வெளியிலேயே நிறுத்தினார், காசுக்குக் கைதட்டும் கூட்டத்தை ஒடுக்கினார், பெயர்பெற்ற பாடகர்களையும் ஒத்திகையில் விட்டுவைக்கவில்லை. அந்தக் கடுமை நியாயமானதே என்பது என் எண்ணம். ஆனால் அவரிடம் வேலை பார்க்க நான் விரும்பியிருக்க மாட்டேன். 1903இல் ஆல்ஃபிரட் ரோலரின் அரங்க வடிவமைப்போடு அவர் நடத்திய வாக்னரின் 'டிரிஸ்டான்' நிகழ்ச்சி, ஓபரா மேடையின் தோற்றத்தையே மாற்றியது.

கேள்வி: வியன்னாவை விட்ட பிறகு?

பதில்: 1907இல் பதவி விலகல், மூத்த மகளின் மரணம், தமக்கே இதய வால்வு நோய் என்ற செய்தி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தன. மறு ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவிலும், 1909 முதல் நியூயார்க் பில்ஹார்மானிக்கிலும் நடத்தினார். இசையமைப்பாளராக அவர் கண்ட மிகப் பெரிய வெற்றி, 1910 செப்டம்பர் 12 அன்று மியூனிக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களோடு தாமே அரங்கேற்றிய எட்டாவது சிம்பொனி. எட்டு மாதங்கள் கழித்து, 1911 மே 18 அன்று வியன்னாவில் இறந்தார். ஒன்பதாவது சிம்பொனியை அவர் கேட்கவே இல்லை; 1912இல் நடத்துநர் புரூனோ வால்டர் அதை அரங்கேற்றினார்.

கேள்வி: அவர் நடத்திய ஒலிப்பதிவு ஏதேனும் கிடைக்குமா?

பதில்: கிடையாது. 1905இல் அவர் பியானோவில் வாசித்துப் பதிவான நான்கு துளைச்சுருள்கள் (தானியங்கிப் பியானோவில் ஓட்டும் துளையிட்ட காகிதச் சுருள்கள்) மட்டுமே உள்ளன. ஐந்தாவது சிம்பொனியின் முதல் பகுதி அவற்றில் ஒன்று; அதைக் கேட்டுவிட்டு ஸ்கோரைத் திறந்து, அவர் எங்கே தம் கட்டளையைத் தாமே மீறுகிறார் என்று பாருங்கள்.