ஃபோர் வீல் ஜீப்பில் மலைக்குப் போகிறவர் என்னென்ன ஸ்பேர் வைத்துக்கொள்ள வேண்டும்? வின்ச் (சிக்கிய வண்டியை வடம் கட்டி இழுத்தெடுக்கும் உருளை) அவசியமா?

போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டத்துக்கு வாரம் இரண்டு நடை போகிறவன் நான். வண்டி பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். மெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு. அங்கே ஃபோர் வீல் போட்டால் முன் சக்கர இழுப்பும் பின் சக்கர இழுப்பும் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டு லீவரே கழலாது. தோட்டத்துக்குள் இறங்கும் நாலு கிலோமீட்டர்தான் வண்டியைத் தின்கிறது.

ஸ்பேர் விஷயத்தில் நான் பார்ப்பது இதுதான்: அது போனால் வண்டி நின்றுவிடுமா, என்னிடம் உள்ள ஸ்பேனரை வைத்து நானே மாட்ட முடியுமா? கிளட்ச் பிளேட் போனாலும் வண்டி நிற்கும்தான். ஆனால் கியர் பாக்ஸை இறக்காமல் மாட்ட முடியாது, அதனால் அது வீட்டிலேயே கிடக்கட்டும். ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், டீசல் ஃபில்டர், ஸ்பிரிங் பட்டைக்கு சென்டர் போல்ட், ஃபியூஸ், பிரேக் ஆயில், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், கட்டுக்கம்பி, எம்-சீல் இருந்தால் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். பெல்ட்டில் ஒரு சூட்சுமம்: புதுசை வண்டியில் மாட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பழசை ஸ்பேராக வையுங்கள். அளவு சரியா என்று காட்டுக்குள் நின்று தவிக்க வேண்டாம்.

போன ஐப்பசி மழையில் சேற்றில் முக்கும்போது பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) உடைந்தது. டப்பாவில் புது கிராஸ் இருந்தது, அதைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப்பைக் கழற்றும் சர்கிளிப் பிளையர் இல்லை! கடைசியில் பின் ஷாஃப்ட்டையே கழற்றி உள்ளே போட்டுவிட்டு, முன் ஹப்பை லாக் செய்து, ஃபோர் வீல் போட்டு, முன் சக்கர இழுப்பிலேயே தோட்டம் போய்ச் சேர்ந்தேன். இறக்கம் என்பதால் பிழைத்தேன். ஷாஃப்ட்டை உருவினால் ஆயில் ஒழுகும் மாடல்களும் உண்டு. உங்கள் வண்டி எப்படி என்று மெக்கானிக்கிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஸ்பேர் வாங்கும் அன்றே அதை மாட்டத் தேவையான டூலையும் எடுத்து வையுங்கள்.

வின்ச்? தனியாக அடர்காட்டுக்குள் போகிறவருக்குச் சரி. ஆட்கள் சுமையோடு வண்டி எவ்வளவு எடையோ, அதில் ஒன்றரை மடங்காவது இழுக்க வேண்டும்; அதைக் கட்ட உறுதியான மரமும் வேண்டும். அதற்காக முன்னால் பெரிய இரும்பு பம்பர் போட நினைத்தால், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அப்படி முன்னால் மாட்டும் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எங்கள் பக்கம் அரை மணி நேரத்தில் இன்னொரு ஜீப் வந்துவிடும், இழுவைக் கயிறும் அதை மாட்ட இரண்டு ஷேக்கிளும் (இரும்புக் கொக்கி வளையம்) போதும். சங்கிலி வேண்டாம், அறுந்தால் ஆளை அடிக்கும்.

பம்பரில் கொடுத்து வண்டியை உயரத் தூக்கும் நெட்டை ஹை-லிஃப்ட் ஜாக்கும் எனக்குப் பிடிக்காது. நம் வண்டி பம்பரில் அது நிற்க இடமில்லை, கைப்பிடி நழுவினால் தாடை போகும். பாட்டில் ஜாக்கும், சேற்றில் புதையாதபடி அடியில் வைக்க ஓரடிப் பலகையும் போதும். காற்றடிக்க கம்ப்ரஸர் வாங்கினால் பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகை வாங்குங்கள். சிகரெட் லைட்டரில் செருகும் சின்னது பெரிய டயருக்குத் திணறும், ஃபியூஸும் போகும். டயர் காற்றை 20 psi வரை இறக்கினாலே பாதிச் சேறு தாண்டிவிடலாம், தார் ரோடு ஏறுமுன் திரும்ப நிரப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கட்டி வையுங்கள். ஒருமுறை 12-வது வளைவில் பாட்டில் ஜாக் சீட்டுக்கடியில் உருண்டு வந்து என் பிரேக் பெடலுக்குக் கீழே நின்றது.